ஒற்றைக்கால் கிட்டாரும் யாரும் உட்காராத நாற்காலியும்

எங்கள் வீட்டுப் பின்பக்க மரவேலி புயல் காற்றில் அப்படியே பெயர்ந்து போய்ப் பக்கத்து வீட்டு நீச்சல் குளத்தில் மிதந்ததே, அந்த வருஷம் நடந்தது இது. வருஷக் கணக்கெல்லாம் எனக்கு நிற்காது. முதலில் வேலி விழுந்தது. அடுத்த மாதம் என் வலது முழங்காலை எடுத்துவிட்டுப் புதுசு வைத்தார்கள். அதற்கடுத்து வந்த பொங்கல் விழாவில், அமெரிக்காவில் நாங்கள் இருக்கும் பேர்லேண்ட் ஊர்த் தமிழர்கள் நானூறு பேர் முன்னால் என் மானம் போயிற்று. இந்த வரிசை மட்டும் மாறாமல் நினைவிருக்கிறது.

(வேலிக்காகப் பக்கத்து வீட்டுக்காரர் கோபப்படவே இல்லை. அதன் மேல் ஏறி உட்கார்ந்து, கையில் பீரோடு கொஞ்ச நேரம் மிதந்து பார்த்தார். நல்ல மனுஷன்.)

என்னைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். திண்டுக்கல்லில் ஒரு பந்தல் கடையில் இருபத்தெட்டு வருஷம் வேலை பார்த்தவன் நான். படிப்பு ஐந்தாம் வகுப்போடு சரி. ஆனால் ஒரு சாட்டின் துணியும் பத்து குண்டூசியும் கொடுத்தால், துருப்பிடித்த பெஞ்சை ராஜா உட்காரும் ஆசனமாக்கிக் காட்டுவேன். ஒரு கல்யாணத்தில் மேடை சோபாவின் கால் ஒன்று முறிந்துவிட்டது. நாலு செங்கல்லை அடுக்கி, துணியைச் சுற்றிவிட்டேன். பெண்ணும் மாப்பிள்ளையும் மூன்று மணி நேரம் அதில் உட்கார்ந்து போட்டோ எடுத்துக்கொண்டார்கள். இப்போது அவர்களுக்குப் பேரன் பிறந்திருக்கிறான். துணியைப் போட்டு மூடினால் எதுவும் அழகாகிவிடும் என்ற அந்தத் திமிர்தான் கடைசியில் என்னைக் கவிழ்த்தது.

நானும் என் மனைவி தனமும் பேர்லேண்டில் மகன் வீட்டோடு இருக்கிறோம். மருமகள் கவிதா ஆஸ்பத்திரியில் பார்மசிஸ்ட். தினமும் ஃப்ரீவேயில் ஒரு மணி நேரம் போய், ஒரு மணி நேரம் வந்து, அதற்கு மேல் சமைத்து, அதற்கு மேல் தூங்கி எழுந்து மறுபடியும் போகிறவள். அவள் நாற்பத்து மூன்றாவது வயதில் திடீரென்று பேஸ் கிட்டார் கற்றுக்கொள்ள ஆரம்பித்தாள். சாதாரண கிட்டார் பாடும். பேஸ் பின்னால் நின்றுகொண்டு ‘தும், தும்’ என்று அதற்கு ஆமாம் போடும். அவ்வளவுதான் எனக்கு விளங்கிய சங்கீதம்.

யாரிடமோ பழசாக வாங்கி வந்தாள். பார்த்ததும் எனக்கு மனசு கேட்கவில்லை.

“ஏம்மா, ரெண்டு கம்பி அறுந்துபோனதைத் தலையில கட்டிட்டானா?”

“இல்ல மாமா, பேஸுக்கு நாலு ஸ்ட்ரிங்தான்.”

“தலை எங்கம்மா?”

“இது ஹெட்லெஸ் மாடல் மாமா. தலை கிடையாது.”

தலை கிடையாது என்பதோடு போகவில்லை. சிவப்பு உடம்பு. ஒரு பக்கம் மாட்டுக்கொம்பு போல மேலே வளைந்திருந்தது. இன்னொரு பக்கம் கால் போல ஒன்று கீழே நீண்டிருந்தது. ஒரே ஒரு கால். தனம் அதற்கு ‘ஒத்தக்கால் மாடு’ என்று பேர் வைத்தாள். கவிதாவுக்கு மட்டும் அதைப் பார்க்கும்போதெல்லாம் முகம் மலரும். வேலை முடிந்து வந்து, காரை வெளியே நிறுத்திவிட்டு, கராஜில் நின்று அரை மணி நேரம் ‘தும் தும்’ என்பாள். அந்த அரை மணி நேரம் அவளிடம் யாரும் உப்பு எங்கே, சாவி எங்கே என்று கேட்க முடியாது. அதற்காகவே எனக்கு அந்த மாட்டின் மேல் ஒரு மரியாதை வந்தது.

அதைத்தான் நான் கீழே தள்ளினேன்.

சோபாவில் சாய்த்து வைத்திருந்தாள். புது முழங்காலோடு உட்காரப் போன நான், கையை ஊன்ற இடம் தேடி அதன் மேல் ஊன்றிவிட்டேன். ‘தொம்’ என்று விழுந்தது. புளியங்கொட்டை அளவுக்குச் சிவப்புச் சில்லு ஒன்று தெறித்தது. நான் அதை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். (எதற்கு என்று கேட்காதீர்கள். திருடன் புத்தி.) கவிதா ஓடி வந்து, கிட்டாரைத் தூக்கி, அந்த இடத்தை விரலால் தடவினாள்.

“பரவாயில்ல மாமா. உங்களுக்கு அடி படலயே?”

அவள் திட்டியிருந்தால் ராத்திரிச் சாப்பாடு இறங்கியிருக்கும். அன்று முதல் அவள் அதை வெளியே எடுப்பதையே குறைத்துக்கொண்டாள். பெட்டியில் வைத்து மூடி வைத்தாள். நடுவில் பொங்கல் விழாவில் வாசிக்க, அவளும் தோழிகளும் சேர்ந்து ஆரம்பித்திருந்த பேண்டுக்கு அழைப்பு வந்தது. முதல் மேடை. அதில் இரண்டாவது பாட்டுக்கு அவள் கிட்டாரை வைத்துவிட்டுத் தனியாகப் பாட வேண்டும், மூன்றாவதுக்கு மறுபடி எடுக்க வேண்டும்.

“மேடைல எங்க வைக்கிறதுன்னே தெரியல. நான் பாட்டைக் கட் பண்ணிடறேன்,” என்று மகனிடம் சொல்லிக்கொண்டிருந்தது என் காதில் விழுந்தது. என்னால் ஒரு பாட்டு போகிறது. மறுநாளே அதை நிறுத்தி வைக்க ஒரு ஸ்டாண்ட் தேடிக் கிளம்பிவிட்டேன்.

மகன் என்னையும் கிட்டாரையும் ஒரு கடைக்கு அழைத்துப் போனான். அங்கே தாடி வைத்த ஒரு பெரியவர் கிட்டாரைப் பார்த்துவிட்டு, தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். கழுத்தைப் பிடித்துத் தொங்கவிடும் ஸ்டாண்ட் ஒன்று கொண்டு வந்தார். மேலே தலை இருந்தால்தானே மாட்டும்? அது வழுக்கிக்கொண்டு இறங்கியது. கீழே இரண்டு கை நீட்டித் தாங்கும் ஸ்டாண்ட் கொண்டு வந்தார். இந்த மாடு தன் ஒற்றைக் காலால் அதன் கையை உதைத்துவிட்டுச் சாய்ந்தது. ஏழு ஸ்டாண்ட் பார்த்தோம். கடைசியில் அவர் என்னமோ இங்கிலீஷில் சொன்னார்.

“என்னடா சொல்றாரு?”

“வேற கிட்டார் வாங்கிக்கச் சொல்றாருப்பா.”

வீட்டில் தக்காளிச் செடிக்கு வைக்கிற கம்பிக் கூண்டில் நிறுத்திப் பார்த்தேன். குக்கரில் ஒரு விசில் வருகிற நேரம் நின்றது. பிறகு கூண்டோடு சேர்ந்து, நான் முன்யோசனையாகப் போட்டிருந்த தலையணை மேல் படுத்துக்கொண்டது.

விழாவுக்கு நாலு நாள் இருக்கும்போதுதான் என் அறை அலமாரியில் அது கண்ணில் பட்டது. எது என்று சொல்லித்தான் ஆக வேண்டும். முழங்கால் ஆபரேஷன் முடிந்ததும் டாக்டர் எழுதிக் கொடுத்து ஒரு நாற்காலி வந்தது. இரும்புக் கால், முதுகுக்கு ஒரு கம்பி, உட்காரும் பலகையில் வட்டமாக ஓட்டை, அதற்குக் கீழே ஒரு பக்கெட். ராத்திரியில் பாத்ரூம் வரைக்கும் நடக்க வேண்டாம், கட்டிலுக்குப் பக்கத்திலேயே என்று. ஊரில் எத்தனையோ மணமேடைக்கு நாற்காலி போட்டவன் நான். எனக்கு இப்படி ஒரு நாற்காலியா? தொடவே இல்லை. டாக்டரும் தமிழர்தான். ஒவ்வொரு முறையும், “அந்தச் சேர் யூஸ் பண்றீங்களா ஐயா?” என்பார். “டெய்லி பண்றேன் டாக்டர்,” என்பேன். பக்கெட்டைத் தனியே எடுத்துத் தனம் அதில் கறிவேப்பிலைச் செடி வைத்துவிட்டாள். குளிருக்கு வீட்டுக்குள்ளேயே வளர்ந்து காடாகிவிட்டது.

மகனும் கவிதாவும் வீட்டில் இல்லாத நேரம் பார்த்து, கிட்டாரைத் தூக்கி அதில் வைத்தேன். ஒற்றைக் கால் ஓட்டைக்குள் இறங்கியது. இடுப்பு பலகையில் உட்கார்ந்தது. முதுகு கம்பியில் சாய்ந்தது. அளவெடுத்துச் செய்தது போல இருந்தது. ஆட்டினேன், அசையவில்லை. கண் கலங்கிவிட்டது.

தனம் வாசலில் நின்று பார்த்தாள்.

“ஏங்க, அதுலயா?”

“ஒருத்தரும் உக்காராத சேருடி.”

“அவகிட்டச் சொல்லிடுங்க.”

“சொன்னா வைப்பாளா? துணி போட்டுட்டா யாருக்குத் தெரியும்?”

“உங்க துணியும் நீங்களும்,” என்று போய்விட்டாள்.

சாட்டினுக்கு எங்கே போவேன்? பெட்டியில் என் பொன்னாடை இருந்தது. பந்தல் கடையிலிருந்து நின்றபோது முதலாளி போர்த்தியது, அரக்கு நிறம், அகலச் சரிகை. என் ஆயுளில் எனக்குப் போர்த்திய ஒரே பொன்னாடை. அதை ஓட்டை மேல் மட்டும் குழிவாகத் தளர விட்டு, மற்றதைக் கொசுவம் வைத்து, குண்டூசி குத்தி, நாலு காலும் தெரியாமல் தரை வரைக்கும் இறக்கினேன். கவிதா வந்து பார்த்து, கிட்டாரை வைத்து, ஆட்டிப் பார்த்தாள்.

“மாமா! சூப்பர்! எப்படிப் பண்ணீங்க?”

“துணியத் தூக்காதம்மா, மடிப்பு கலைஞ்சிடும்.”

விழா ஒரு பள்ளிக்கூட அரங்கத்தில். முதல் வரிசையில் நானும் தனமும். முதல் பாட்டு முடிந்தது. கவிதா என் ஆசனத்தில் கிட்டாரை அமர்த்திவிட்டு, முன்னால் வந்து பாடினாள். நன்றாகப் பாடினாள். நான் பாட்டைக் கேட்கவில்லை, நாற்காலியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். கைதட்டல் அடங்கியதும் தமிழ்ச் சங்கச் செயலாளர் மேடைக்கு ஓடி வந்தார். சிறப்பு விருந்தினருக்கு ஆஸ்பத்திரியிலிருந்து அவசர அழைப்பாம், கிளம்ப வேண்டுமாம், மரியாதையை இப்போதே செய்துவிடலாமாம். விருந்தினர் மேடையேறினார். என் முழங்கால் டாக்டர்.

“பொன்னாடை எங்கப்பா?” என்று செயலாளர் மைக்கை மறந்து கேட்டார்.

“கார் டிரங்க்ல இருக்கு சார், காரை எங்க பார்க் பண்ணாங்கன்னு தெரியல!” என்று மேடை ஓரத்திலிருந்து ஒரு பையன் கத்தினான்.

செயலாளர் சுற்றும் முற்றும் பார்த்தார். சரிகை பளபளத்தது.

நான் எழுந்தேன். என் புது முழங்காலுக்கு அவசரம் என்றால் என்னவென்று தெரியாது. நான் பாதி நிமிர்வதற்குள் அவர் பொன்னாடையை உருவிவிட்டார். குண்டூசிகள் நாலா பக்கமும் தெறித்தன. டாக்டர் தோளில் அரக்குப் பொன்னாடை. பின்னால், பளீரென்ற விளக்கில், இரும்புக் கால்களோடு என் நாற்காலி. அதன் ஓட்டையில் காலை விட்டபடி கிட்டார் ஜம்மென்று உட்கார்ந்திருந்தது. (துணியை உருவிய வேகத்திலும் அது நூலளவு அசையவில்லை என்பதை இங்கே சொல்லிக்கொள்கிறேன்.)

எங்கோ ஒரு குழந்தை சொன்னது: “அம்மா, தட்ஸ் எ டாய்லெட்!”

டாக்டர் திரும்பிப் பார்த்தார். மைக் அவர் கையில்.

“கவிதா, இது நான் உங்க மாமனாருக்கு எழுதிக் குடுத்தது இல்ல?” பாதி நின்று பாதி உட்கார்ந்திருந்த என்னையும் கண்டுபிடித்துவிட்டார். “ஐயா, டெய்லி யூஸ் பண்றேன்னு சொன்னீங்களே?”

அரங்கம் முழுக்க “ஐயய்யே” என்றது. கிட்டாரை எடுக்கப் போன கவிதா கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். அவள் முகத்தைப் பார்த்தேன். இன்னும் ஒரு பாட்டு பாக்கி. இப்போது அவள் அதைத் தொடாமல் போனால் இனிமேல் தொடவே மாட்டாள் என்று எனக்குத் தோன்றியது. எனக்கு மைக் வேண்டியிருக்கவில்லை. பந்தல் கடைக் குரல்.

“பொய் சொன்னேன் டாக்டர்! ஒரு தடவை கூட உக்காரல! சத்தியமா புதுசு! பக்கெட்ல கூட கறிவேப்பிலைச் செடிதான் இருக்கு!”

அங்கே நிறுத்தியிருக்கலாம். நிறுத்தியிருந்தால் பின்வரிசையில் அந்தச் சலசலப்பு எழுந்திருக்காது. அரங்கத்திலிருந்த பெண்களில் பாதிப் பேர் அந்தக் குளிர்காலம் முழுக்க எங்கள் வீட்டுக் கறிவேப்பிலையில்தான் தாளித்திருக்கிறார்கள்.

“உக்காருங்க,” என்று தனம் என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். அந்தக் குரலில் நாற்பத்தாறு வருஷக் குடித்தனம் இருந்தது.

முதலில் சிரித்தது கவிதாதான். மைக் முன்னாலேயே, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். அவள் சிரிக்க ஆரம்பித்ததும் நானூறு பேரும் சிரித்தார்கள். பிறகு அவள் கிட்டாரைத் தூக்கி மாட்டிக்கொண்டு, ஒரே ஒரு ‘தும்’ கொடுத்தாள்.

“விழல பாருங்க மாமா,” என்றாள் மைக்கில்.

மூன்றாவது பாட்டை ஜனங்கள் இரண்டு முறை கேட்டார்கள்.

திரும்பி வரும்போது காரில் அந்தச் சிவப்புச் சில்லை எடுத்து அவளிடம் நீட்டினேன். “நீங்களே வச்சுக்குங்க மாமா, ஸ்பேர் பார்ட்,” என்றாள். பொன்னாடை டாக்டரோடு போய்விட்டது. அடுத்த செக்கப்பில் சலவை செய்து, கவர் போட்டுத் திருப்பிக் கொடுத்தார். “இதையாவது யூஸ் பண்ணுங்க ஐயா,” என்றார்.

மகன் எங்கெங்கோ தேடி அந்தக் கிட்டாருக்கென்றே ஒரு ஸ்டாண்ட் செய்ய வைத்தான். கவிதா அதில் துணி உலர்த்துகிறாள். கிட்டார் இன்றைக்கும் எங்கள் வரவேற்பறையில் அந்த நாற்காலியில்தான் இருக்கிறது, துணியும் கிடையாது ஒன்றும் கிடையாது. பேண்டை யார் கூப்பிட்டாலும் “சேர் வருதா?” என்றுதான் கேட்கிறார்கள். வீட்டில் யாராவது பழைய சாமான் வாங்கினால், “ஒரு தடவை கூட உக்காரலதானே?” என்று என்னைப் பார்த்துக் கேட்பார்கள். கேட்டுவிட்டுப் போகட்டும்.

ஆனால் கதை காரில் நாலைந்து மணி நேரம் தள்ளியிருக்கும் பிளானோ வரைக்கும் போய்விட்டதாம், அங்கே சொல்லும்போது நான் எழுந்து சத்தியம் பண்ணியதை விட்டுவிடுகிறார்களாம். அதனால் உங்களிடம் ஒன்று கேட்கிறேன். நீங்களும் இதை யாரிடமாவது சொல்லத்தான் போகிறீர்கள். எப்படி வேண்டுமானாலும் சொல்லுங்கள், என்னை எவ்வளவு வேண்டுமானாலும் கிண்டல் பண்ணுங்கள். அந்த நாற்காலி புதுசு என்பதை மட்டும் மறக்காமல் சேர்த்துச் சொல்லிவிடுங்கள். தனத்திடம் இப்போதெல்லாம் யாரும் கறிவேப்பிலை கேட்பதில்லை.