பொன்னுதுரை வீட்டுப் பள்ளிக்கூடம்

ஒரு விடுகதை போடுகிறேன், அவிழ்த்துச் சொல்லுங்கள் பார்க்கலாம். ஒரே வாத்தியார், ஒரே மாணவி. இடைவேளை மணி அடித்ததும் நொண்டியடிப்பவர் வாத்தியார். அது எந்தப் பள்ளிக்கூடம்?

தெரியவில்லையா? காஜா பேராங்கில் தையல்காரர் பொன்னுதுரையின் வீடுதான்!

மெர்டேக்கா கிடைத்த மறு வருஷம். மகள் சந்திரமதிக்கு ஏழு வயது.

"நாட்டுக்கு விடுதலை கெடச்சாச்சு. என் மகளுக்கும் பள்ளிக்கூடத்துலருந்து விடுதலை!" என்று அறிவித்தார் பொன்னுதுரை. "அங்க போனா பேனும் கெட்ட வார்த்தையும்தான் ஒட்டிக்கும். நானே வீட்டுல சொல்லிக் கொடுக்கிறேன்."

மனைவி கமலவேணி சண்டைக்கு வருவாள் என்று பதில்களைத் தீட்டி வைத்திருந்தார். அவளோ, "சரிங்க" என்றாள். தீட்டியதெல்லாம் வீண்.

"ஆனா, இடைவேளையில அவகூட விளையாட ஆள் வேணுமே?"

"நான் இல்லியா?"

"அப்ப தோத்துக் கொடுத்துடுங்க. புள்ள மனசு வாடக் கூடாது."

என்ன கரிசனம்! பொன்னுதுரைக்கு உச்சி குளிர்ந்தது.

அன்றிலிருந்து, கழுத்தில் அளவு நாடா ஆட, வாசலில் நொண்டியடித்தார். தைக்கக் கொடுத்த கால்சட்டையை வாங்க வந்த சொக்கப்பன் வாயைப் பிளந்தார்.

"என்னப்பா, ஒத்தக் கால்ல நிக்கிறே? என் சிலுவாருக்காச்சும் ரெண்டு கால் வெச்சியா?"

சந்திரமதி கோட்டை மிதித்தாலும் ஜெயித்தாள். சில்லைத் தப்பாக எறிந்தாலும் ஜெயித்தாள். வரவர, ஜெயித்துவிட்டுக் கொட்டாவி விட்டாள்.

பள்ளியில் பெயர் பதியக் கடைசி நாள் வந்தது. கமலவேணி பக்கத்து வீட்டுச் சிறுமி பாக்கியலட்சுமியை ஆட்டத்துக்கு அழைத்து வந்தாள்.

"ஏய், கோட்ட மிதிச்சிட்டே! நீ அவுட்டு!"

"மிதிக்கல!"

"மிதிச்சே! கள்ளாட்டம்!"

சந்திரமதியிடம் இதுவரை யாரும் இப்படிச் சொன்னதில்லை. பாய்ந்து சடையைப் பிடித்து இழுத்தாள். பாக்கியலட்சுமியும் இழுத்தாள். பிறகு இருவரும் முதலிலிருந்து ஆடினார்கள்; சந்திரமதிக்குக் கொட்டாவியே வரவில்லை.

"பாத்தியா! வந்த உடனே சண்ட! இதுக்குத்தான் பள்ளிக்கூடம் வேணாங்கிறேன்!" பொன்னுதுரை துள்ளினார்.

"அப்ப அவளையே கேட்டுடலாங்க. அவ சொல்றதுதான் முடிவு."

"தாராளமா கேளு!"

அடிக்காத வாத்தியார், ஜெயிக்காத கூட்டாளி. இரண்டும் ஒரே ஆளாகக் கிடைத்தால் எந்தப் பிள்ளை விடும்? கமலவேணி ஏன் காலையிலேயே வெளியே போகிற சேலையைக் கட்டியிருந்தாள் என்று அவர் யோசிக்கவில்லை.

சந்திரமதி, பாக்கியலட்சுமி படிக்கிற பள்ளிக்கூடத்துக்கே போவதாகச் சொன்னாள்.