சத்த பாஸும் சத்தமில்லாத லொறியும்

மலைநாட்டில் ஓடாமல் நிற்கிற லொறிகளில் பாதி, எங்கள் பூண்டுலோயா சத்த பாஸ் கைவைத்தவை. மீதிப் பாதி, அவர் வரட்டும் என்று காத்திருப்பவை. இதைக் கோபத்தில் சொல்லவில்லை. நன்றாக யோசித்துத்தான் சொல்கிறேன்.

மெக்கானிக்கை எங்கள் பக்கம் பாஸ் என்போம். இந்த பாஸுக்கு வண்டியைத் திறந்து பார்ப்பது கௌரவக் குறைச்சல். வண்டிக்காரன் வாயால் அதன் சத்தத்தைப் போட்டுக்காட்ட வேண்டும். இவர் கண்ணை மூடிக் கேட்டுவிட்டு நோயைச் சொல்வார். ஊர்ப் பெரிய மனிதர்கள் எல்லாம் பஸ் ஸ்டாண்டு நடுவில் நின்று இவருக்காகக் கத்தியிருக்கிறார்கள். மாதா கோயில் உபதேசியாரும் "கர்ர்ர்... டொக்கு" என்று கத்தினார். "இன்னும் கொஞ்சம் அடித்தொண்டையில இருந்து வரட்டுங்க" என்று அவரையே திருத்தினார் இந்த மகான். கிளச் போய்விட்டது என்று தீர்ப்பு. கிளச்சை மாற்றியும் டொக்கு போகவில்லை. கடைசியில் பார்த்தால், சீட்டுக்கு அடியில் ஜாக்கி உருண்டுகொண்டிருந்தது.

பாஸ் அசரவில்லை. "நான் கேட்டது சரிதாங்க. அவரு போட்ட சத்தம்தான் தப்பு" என்றார். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்!

இந்த ஆளைத்தான் எங்கள் லொறிக்குக் கூப்பிட வேண்டும் என்று அம்மா ஒற்றைக்காலில் நின்றார். தேயிலைத் தொழிற்சாலைக்கு விறகு ஏற்றிய அப்பாவின் லொறி அது. அப்பா தவறிப்போனதிலிருந்து ஒரு வருஷத்துக்கு மேலாக வீட்டுப் பக்கத்தில் படங்கு போர்த்திக் கிடந்தது. மூடுபனி குடித்து, பாசி பிடித்து, எலி குடும்பம் நடத்திய வண்டி. தம்பி கினிகத்தேனைப் பழைய இரும்புக்காரரிடம் பேசி முடித்துவிட்டான். மறுநாள் வந்து ஏற்றுவதாக ஏற்பாடு.

"ஸ்டார்ட் பண்ணிப் பாருங்கடா. ஒரு தடவ அந்தச் சத்தம் வந்துட்டா விக்கக் கூடாது" என்றார் அம்மா. ராத்திரியெல்லாம் அழுதிருக்கிறார் என்று முகமே சொன்னது.

பாஸ் வந்தார். லொறியை ஒருமுறை சுற்றினார்.

"என்ன சத்தம் போடுது?"

"ஒரு சத்தமும் போடல" என்றான் தம்பி.

"சத்தமே போடாட்டி நான் எப்பிடிப்பா நோய் சொல்றது?"

"போட்டா நாங்க ஏன் உங்கள கூப்பிடுறோம்?"

இரவல் பெட்டரி மாட்டினோம். 'டிக்' என்றது. அந்த ஒரு டிக்கை வைத்துக்கொண்டு ஸ்டார்ட்டரைக் கழற்றச் சொன்னார். கழற்றினோம். குற்றமில்லை, மாட்டுங்கள் என்றார். தம்பி எரிச்சலில் டீசல் பில்டரைக் கழற்றினான். கஞ்சிபோல ஏதோ வழிந்தது.

"தண்ணி எறங்கியிருக்கு" என்றான் தம்பி.

"சத்தம் கேக்காம தண்ணின்னு நீ எப்பிடி சொல்லுவ?" என்று அவன்மேல் பாய்ந்தார் பாஸ்.

டேங்கைக் கழுவிப் புது டீசல் ஊற்றினோம். குழாயில் அடைத்திருந்த காற்றை எடுத்தோம். அசையவில்லை. சரிவில் தள்ளினால் பிடித்துக்கொள்ளும் என்றார். தோட்டத்து லயத்துச் சனம் முழுக்க வந்து தள்ளியது. லொறி சத்தம் காட்டாமல் உருண்டு, வீட்டுக்குக் கீழே வளைவில் போய் நின்றது. இரும்புக்காரர் தூக்குவதற்கு அதைவிட வசதியான இடம் இல்லை.

அடுத்த வைத்தியம் தொடங்கியது. "கடைசியா ஓடுனப்ப என்ன சத்தம் போட்டுச்சு? ஒவ்வொருத்தரா போடுங்க."

தம்பி போட்டான். பக்கத்து வீட்டுக்காரர் போட்டார். இத்தனை வருஷம் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளை அதட்டிய மரியாதையை மென்று விழுங்கிவிட்டு நானும் போட்டேன்.

"மாஸ்டர், அது ஆடு" என்றார்.

கூட்டம் சிரித்தது. எனக்கு வந்த ஆத்திரத்தில் ஸ்பேனரைத் தேடினேன். அதற்குள் அவர் கண்ணை மூடி, கன்னத்தை உப்பி, தானே ஆரம்பித்துவிட்டார்.

ஏற்றத்தில் முக்குகிற முனகல். மூன்றாவது கியருக்கு முன்னால் ஒரு விக்கல். வளைவில் குட்டியாக இரண்டு ஹோர்ன். அப்புறம், என்ஜினை அணைத்ததும் அப்பா இருமுகிற அந்த இருமல். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது.

மேலே கதவு திறந்தது. அம்மா கையில் பிளேன்டீயோடு வாசலுக்கு ஓடி வந்தவர், எங்களைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார். பிறகு மெல்ல இறங்கி வந்தார்.

பாஸ் தலையைக் குனிந்துகொண்டார். "தங்கச்சி, மன்னிச்சிக்க. டீசல் பம்பு துருவேறி இறுகிடுச்சி போல. அந்தச் சத்தம் இனி வராது."

"வந்துச்சேண்ணே. இப்பத்தான வந்துச்சு" என்று டீயை அவர் கையில் கொடுத்தார் அம்மா. தம்பி பக்கம் திரும்பி, "இரும்ப குடுத்துருடா" என்றார். அவன் தேம்பித் தேம்பி அழுதான். நானும்தான்.

லொறி போய்விட்டது. சத்த பாஸ் இன்னும் போகவில்லை. தினமும் காலையில் டவுனுக்கு நடக்கிறபோது எங்கள் வளைவில் முக்கி, விக்கி, இரண்டு ஹோர்ன் அடித்து, இருமிவிட்டுப் போகிறார். புதிதாகப் பார்ப்பவர்கள் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு ஒதுங்குகிறார்கள். அம்மா டீயோடு நிற்கிறார். பாஸ் அதைக் குடித்துவிட்டுச் சீனி போதாது என்கிறார். உதவாக்கரை மனிதன்!

நேற்று அவர் வரவில்லை. "பாஸண்ணனுக்கு என்னாச்சுன்னு போய்ப் பாருடா" என்றார் அம்மா. அதற்கு முன்பே நான் குடையை எடுத்துக்கொண்டு படியிறங்கியிருந்தேன்.