தகரம் தட்டி வாங்கிய நாய்க்குட்டி

என் சொந்த மூளையை நம்பி நான் வாங்கிய முதல் உயிருள்ள பொருள் ஒரு நாய்க்குட்டி. அதற்குப் பிறகு ஒரு கோழி வாங்கக்கூட என்னை இந்த வீட்டில் தனியாக அனுப்பியதில்லை. அதில் எனக்கு வருத்தம் ஒன்றும் கிடையாது. (கொஞ்சம் உண்டு.)

மலாயாவில் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கம். ஆயர் ஈத்தாம் பக்கத்தில் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் நான் சின்னக் கிராணி. காலைப் பெரட்டில் வரிசையாக நிற்கும் ஆட்களின் பெயரை ஏட்டில் எழுதுவதுதான் வேலை. நடையைப் பார்த்தால் தோட்டமே என்னுடையது என்று நினைத்திருப்பீர்கள். தோட்டத்து ஆஸ்பத்திரியில் வைத்தியம் பார்த்த டிரஸ்ஸர் ஞானப்பிரகாசத்தின் மகள் ரோசம்மாவை எனக்குப் பேசி முடித்திருந்தார்கள்.

இதில் நான் மறைத்த சங்கதி ஒன்று உண்டு. எனக்குப் பத்தடிக்கு அப்பால் எல்லாம் மங்கல். கண்ணாடி இல்லாமல் ஆளையும் தூணையும் பிரித்தறிய முடியாது. ஆனால் சம்பந்தம் பேசிய தரகர் முதல் நாளே எச்சரித்துவிட்டார். "கண்ணாடி போட்ட மாப்பிள்ளைன்னா பொண்ணு வீட்டுல யோசிப்பாங்க தம்பி. தாலி ஏறுற வரைக்கும் அது பையிலயே இருக்கட்டும்." அதனால் டிரஸ்ஸர் வீட்டு வாசலை மிதிக்கும் போதெல்லாம் கண்ணாடி என் சட்டைப் பைக்குள் போய்விடும்.

கல்யாண விருந்துக்கென்று டிரஸ்ஸர் முப்பது வாத்து வளர்த்தார். பட்டப்பகலில் ஆற்றோரத்து உடும்பு வந்து ஒவ்வொன்றாகத் தூக்கிக்கொண்டு போனது. காவலுக்கு நல்ல நாய் கிடைக்குமா என்று அவர் பொதுவாகத்தான் கேட்டார். வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம்.

"என்கிட்ட விடுங்க மாமா. நாயைப் பாத்தாலே அதோட ஜாதகத்தைச் சொல்லிடுவேன்," என்றேன். அதுவரை நான் ஒரு நாயைத் தடவிக்கூடக் கொடுத்ததில்லை.

மூவாரில் சவரிமுத்து என்பவர் சீமை நாய் வளர்த்து விற்பதாகக் கேள்வி. முன்பு துரை பங்களாவில் சமையல்காரராக இருந்தவர். துரை கப்பலேறும்போது விட்டுப்போன ஒரு ஜோடி வெள்ளை நாய்களை வைத்துத் தொழிலைத் தொடங்கியிருந்தார். ஒரு சனிக்கிழமை பஸ் பிடித்துப் போனேன். அங்கே தெரிந்தவர்கள் யாரும் இல்லாததால் கண்ணாடியைத் தாராளமாக மாட்டிக்கொண்டேன்.

வீட்டின் முன்னால் நான்கு குட்டிகள். மூன்று பழுப்பு, ஒன்று சுத்த வெள்ளை. வெள்ளைக்கு ஒரு கண் நீலம். அது தாயின் வயிற்றில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தது.

"பயப்படாத குட்டிதான் வேணும்," என்று சொல்லிவிட்டு, கிடந்த மண்ணெண்ணெய்த் தகரத்தை எடுத்துக் குச்சியால் ஓங்கி அடித்தேன். பழுப்புக் குட்டிகள் மூன்றும் தூண்கள்மேல் நின்ற வீட்டுக்கடியில் ஓடி ஒளிந்தன. வெள்ளைக்குட்டி அசையவில்லை. தாயும் அசையவில்லை.

"அலமாக்! என்னா தைரியம்!" என்று மலாய்க்காரர் பாணியில் வியந்தேன்.

"அதோட அப்பனும் அப்படித்தான் தம்பி. வெடி வெடிச்சாலும் திரும்பிப் பாக்காது," என்றார் சவரிமுத்து.

"பரம்பரை வீரம்," என்றேன் நான்.

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான் விட்டால்தானே? நாய்களின் குலப்பெருமை பற்றி அவருக்கே கால்மணி நேரம் வகுப்பெடுத்தேன். முடிவில் அவர் வாயை மூடிக்கொண்டு குட்டியைக் கூடையில் வைத்துக் கட்டிக் கொடுத்தார். ஓடி ஒளிந்த மூன்றையும் கோழைகள் என்று ஏசிவிட்டுப் புறப்பட்டேன்.

குட்டிக்கு வீரன் என்று பெயர் வைத்து டிரஸ்ஸர் வீட்டில் விட்டேன். மறுநாள் ஞாயிறு, கோயிலில் எங்கள் முதல் ஓலை வாசித்தார்கள். எங்கள் கத்தோலிக்க வேதக்காரர் வழக்கத்தில் கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிற்றுக்கிழமை பூசையில் மாப்பிள்ளை பெண் பெயரை வாசித்து, தடை ஏதும் தெரிந்தவர்கள் வந்து சொல்லும்படி சாமியார் கேட்டுக்கொள்வார். யாரும் எதுவும் சொல்லவில்லை. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வெளியே வந்தேன்.

செவ்வாய்க்கிழமை பகலில் உடும்பு வந்தது. வாத்துகள் போட்ட கூச்சலில் ஆஸ்பத்திரி நோயாளிகளே எழுந்து வந்துவிட்டார்கள். அவ்வளவுக்கும் நடுவில் வீரன் குறட்டை விட்டுக்கொண்டிருந்தான்.

ரோசம்மா அன்றுவரை என்னிடம் நேராகப் பேசியதில்லை. எனக்குச் சொல்ல வேண்டியதையும் அப்பாவிடம்தான் சொல்லுவாள். சாயங்காலம் நான் போனபோது குட்டியின் பின்னால் நின்று ஒரு தட்டைக் கரண்டியால் தட்டினாள். அசைவில்லை. பிறகு பலகைத் தரையில் காலால் ஓங்கி மிதித்தாள். குட்டி துள்ளி எழுந்தது.

"இதுக்குக் காது கேக்கலப்பா. தரை அதிர்ந்தாத்தான் தெரியுது."

"கேக்கும். ரோசக்கார நாய் மாமா, கூப்பிட்டதும் ஓடி வராது," என்றேன். இப்போது எழுதும்போதுகூட எனக்குக் கூசுகிறது.

டிரஸ்ஸர் குட்டியை மடியில் வைத்து இரண்டு காதையும் சோதித்தார். "பிறவிச் செவிடு மாப்பிள்ளை," என்றவர் குட்டியைக் கீழே விட்டார். "நாயில ஏமாந்தது பெரிசில்ல. இல்லாததை இருக்குன்னு அடிச்சுப் பேசுறீங்களே, அதான் எனக்குப் பிடிக்கல. சனிக்கிழமை நானும் மூவாருக்கு வர்றேன். ரெண்டாவது ஓலை வாசிக்கிறதா வேணாமான்னு அப்புறம் சாமியார்கிட்ட பேசிக்கலாம்."

எனக்கு நான்கு இரவு தூக்கமில்லை. ரோசம்மா இல்லாமல் போய்விடுவாளோ என்ற பயம்தான் பெரிது. அந்தப் பயம் முழுவதையும் சவரிமுத்துமேல் கோபமாக மாற்றிக்கொண்டு, வீரனைக் கூடையில் வைத்து எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன். டிரஸ்ஸர் பக்கத்தில் இருந்ததால் கண்ணாடி பையில்.

வீட்டு வாசலில் தொப்பியோடு நின்ற சவரிமுத்துவைப் பார்த்ததும் பொரிந்து தள்ளினேன். "ஒரு கல்யாணத்துக்கே மூணு ஓலை வாசிக்கிறாங்க! குறை தெரிஞ்சவன் வாயைத் தொறந்து சொல்லணும்னுதானே? தாய் செவிடு, தகப்பன் செவிடு, தெரிஞ்சே குட்டி போடவிட்டு விக்கிறீங்க. வாங்க வர்றவன் கேக்காட்டி நீங்களா சொல்ல மாட்டீங்களா? மறைச்சு விக்கிறவன் மனுசனா?"

பதில் என் முதுகுக்குப் பின்னாலிருந்து வந்தது.

"தம்பி, நான் இங்க இருக்கேன். அது பந்தல் தூண், என் தொப்பியை மாட்டி வெச்சிருக்கேன். ஆமா, அன்னைக்குக் கண்ணாடி போட்டிருந்தீங்களே, எங்க?"

டிரஸ்ஸர் மெதுவாக என் பக்கம் திரும்பினார். கை தானாகப் பைக்குள் போய்க் கண்ணாடியை எடுத்தது. அதை மாட்டியதும் அவர் முகம் தெளிவாகத் தெரிந்தது. மாட்டாமலே இருந்திருக்கலாம்.

பிறகு சவரிமுத்துவிடம் கேட்டார். "காது கேக்காதுன்னு ஏன் சொல்லல?"

"இவரு கேக்கலியே ஐயா. சொல்ல வந்தேன், இவர் பேசவே விடல. அப்புறம் இவ்வளவு புகழுறாரேன்னு சும்மா இருந்துட்டேன். தப்புதான்."

"திருப்பிக் குடுத்தா என்ன செய்வீங்க?"

சவரிமுத்து தலையைக் குனிந்துகொண்டார். அடுத்து வருகிறவரிடம் தள்ளுவார் என்பது எங்களுக்கு விளங்கியது. டிரஸ்ஸர் கூடையைத் தானே எடுத்துக்கொண்டார். அந்த வெள்ளை ஜோடியை இனிமேல் சேர்ப்பதில்லை என்று அவரிடம் வாக்கு வாங்கினார். வாக்கோடு ஒரு பழுப்புக் குட்டியும் கிடைத்தது. பின்னால் நின்று கூப்பிட்டுப் பார்த்தே அதை எடுத்தார். நான் சென்ற வாரம் கோழை என்று ஏசிய குட்டி அது.

திரும்பி வரும் வழியில் ஆயர் ஈத்தாம் நெருங்கும்போதுதான் வாயைத் திறந்தார். "எத்தனை அடிக்குத் தெரியும்?"

"பத்தடி மாமா."

"ம்," என்றார்.

வீட்டில் நடந்ததையெல்லாம் மகளிடம் சொன்னார். அவள் என் கண்ணாடியைப் பார்த்தாள். ஆச்சரியப்பட்டதாகத் தெரியவில்லை.

"எனக்குத் தெரியும்ப்பா. பொண்ணு பாக்க வந்த அன்னைக்கே சுவத்துல தொங்கின உங்க கோட்டுக்குக் கும்பிடு போட்டாரு."

"தெரிஞ்சும் ஏம்மா சொல்லல?"

"நீங்க கேக்கலியே." பிறகு குட்டியைக் கூடையிலிருந்து தூக்கினாள். "இதை யாருக்கும் குடுக்க வேணாம். குறை தெரிஞ்சுதானே வெச்சுக்கிறோம்."

"அப்ப அவரு?"

"அவரையும்தான்."

மறுநாள் இரண்டாவது ஓலை வாசித்தார்கள். தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று சாமியார் சொன்னபோது முன்வரிசையில் இருந்த டிரஸ்ஸர் திரும்பி என்னை ஒரு பார்வை பார்த்தார். கண்ணாடி போட்டிருந்ததால் அதையும் நன்றாகப் பார்க்க முடிந்தது.

வீரன் பதினோரு வருடம் எங்களோடு இருந்தான். பழுப்பு நாய் ஓடினால் தானும் ஓடுவான், அது குரைத்தால் தானும் குரைப்பான். உடும்புக்கு எது செவிடு என்று தெரியவா போகிறது? அதன் பிறகு வாத்து ஒன்றும் குறையவில்லை.

போன மாதம் என் இளைய மகன் ஜொகூர் பாருவில் பழைய மோட்டார் கார் ஒன்றை வாங்கி வந்தான். ரோசம்மா விலையைக் கேட்கவில்லை. "மூணு ஓலை வாசிச்சாங்களாடா?" என்றுதான் கேட்டாள். விற்றவரே பிரேக் பிடிக்காது என்று சொல்லிக் கொடுத்ததாக அவன் சொன்னான். அவளுக்குத் திருப்தி. நானும் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, அபிப்பிராயம் சொல்லும் எண்ணத்தில் காரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தேன். யாரும் கேட்கவில்லை. ரோசம்மா மட்டும் உள்ளே போய் ஒரு காலித் தகரத்தையும் குச்சியையும் கொண்டுவந்து என் கையில் கொடுத்துவிட்டுப் போனாள்.