மூன்று மின்நிலையங்களுக்கும் சம்மதித்த ஊர்

கராங்சாரி,
அடைமழைக் காலம்.

ஜகார்த்தாவில் எரிசக்தி அமைச்சகத்தில் பெரிய உத்தியோகம் பார்க்கும் அன்புத் தம்பி ஹெண்டார்த்தோவுக்கு, கராங்சாரி ஊர்த்தலைவனும் உன் அக்காள் புருஷனுமாகிய கஸ்முரி எழுதிக்கொண்டது. இறைவன் புண்ணியத்தில் இங்கே எல்லோரும் நலம். அங்கே நீயும் உன் பெண்டாட்டி பிள்ளைகளும் நலமாயிருக்க ஐந்து வேளைத் தொழுகையிலும் கேட்டுக்கொள்கிறோம். உன் அக்காள் முர்தினிக்கு மூட்டுவலி குறைந்திருக்கிறது, பேச்சு குறையவில்லை. மின்சாரம் வழக்கம்போல் வருவதும் போவதுமாக இருக்கிறது. கைப்பேசி செத்துக் கிடக்கிறது, அதனால்தான் பேனாவை எடுத்தேன்.

தம்பி, விஷயத்துக்கு வருகிறேன். போன வாரம் மின்சாரம் இருந்த ஒரு நல்ல நேரத்தில் தொலைக்காட்சியில் உங்கள் மேலதிகாரி ஒருவர் பேசினார். நாட்டின் எரிசக்திப் பாதுகாப்புக்கே கராங்சாரிதான் முன்மாதிரியாம். நிலக்கரி, காற்று, அணு என்று எதைக் கொண்டுபோய்க் கேட்டாலும் ஊரில் நூற்றுக்கு நூறு பேர் சம்மதித்தார்களாம். எங்கள் ஊர்ப் பெயரைக் கேட்டதும் எல்லோரும் கைதட்டினோம். தட்டி முடித்த பிறகுதான் அடுத்த வாக்கியம் காதில் விழுந்தது. மூன்றில் எது வந்தாலும் கடற்கரை மேட்டில்தான் கட்டுவார்களாம், ஊரில் ஆட்சேபனை ஏதும் இல்லையாம். கடற்கரை மேட்டில் நம் முன்னோரை அடக்கம் செய்த மையவாடி இருக்கிறது என்பது அவருக்குத் தெரியுமோ தெரியாதோ, உனக்குத் தெரியும். உன் அப்பாவும் அங்கேதான் படுத்திருக்கிறார்.

இது எப்படி நடந்தது என்று கேட்பாய். முதலில் நிலக்கரிக்காரர்கள் வந்தார்கள். வெறுங்கையோடா வந்தார்கள்? ஆளுக்கொரு சோற்றுப்பெட்டி, உள்ளே பொரித்த கோழி, முட்டை, மிளகாய்த் துவையல். அவ்வளவு தூரம் காரில் குலுங்கி வந்து, நம் பாயில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, "உங்களுக்குச் சம்மதம்தானே ஐயா?" என்று ஒருவர் சிரித்த முகத்தோடு கேட்டால், வாயில் அவர் கோழியை வைத்துக்கொண்டு எவன் இல்லை என்பான்? தலையாட்டினோம். அடுத்த மாதம் காற்றாலைக்காரர்கள். அவர்கள் பெட்டியில் மாட்டிறைச்சி இருந்தது, இன்னும் கொஞ்சம் வேகமாக ஆட்டினோம். மூன்றாவதாக அணுக்காரர்கள். அவர்கள் சோறே கொண்டுவரவில்லை. ஆனால் ஆற்றுப்பாலம் மூழ்கிவிட்டதால் ஒரு பேராசிரியை அம்மாள் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு சேற்றில் நடந்தே வந்தார். சேறும் சகதியுமாக வந்து நிற்கும் பெண்பிள்ளையிடம் முடியாது என்று சொல்ல நாம் என்ன காட்டுமிராண்டிகளா? எழுந்து நின்றே ஆட்டினோம்.

இப்போது மேட்டில் மூன்று நிறத்தில் துணி கட்டிய முளைக்குச்சிகள் நடப்பட்டிருக்கின்றன. நிலக்கரிக்குச் சிவப்பு, காற்றுக்கு வெள்ளை, அணுவுக்கு மஞ்சள். படகுக்கார வாகிமினின் ஆடு சிவப்புத் துணியை எல்லாம் தின்றுவிட்டது. நிலக்கரிக்காரர்கள் கோபித்துக்கொள்வார்களே என்று வாகிமின் தன் பழைய கைலியைக் கிழித்துக் குச்சி குச்சியாகக் கட்டிவிட்டு வந்திருக்கிறான். ஊர் மரியாதை இந்த லட்சணத்தில் இருக்கிறது.

வெள்ளிக்கிழமைத் தொழுகை முடிந்து ஊர்க்கூட்டம் போட்டேன். உனக்குத் தெரியாததா, நம் வழக்கப்படி எல்லோரும் ஒருமனதாக ஆனால்தான் முடிவு. யாரும் முதலில் பேசமாட்டார்கள். இரண்டு சுற்றுக் காப்பியும் ஒரு கட்டு கிராம்புச் சிகரெட்டும் தீர்ந்தன. அப்புறம் வாகிமின் தொண்டையைச் செருமினான்.

"தலைவரே, தப்பா நெனைக்காதீங்க. நிலக்கரி கப்பல்ல வரணும். கடல் பொங்குனா நானே படகை எறக்க மாட்டேன், கப்பல்காரன் எறக்குவானா? மண்குதிரையை நம்பி ஆத்துல எறங்குன கதைதான்."

"அப்ப காத்து மட்டும் நீ கூப்ட்டா வருமா?" என்றாள் ஐஸ்கட்டி ஆலை நடத்தும் ருமியாதி. "போன மாசம் மூணு நாள் எலை அசையல. அணுக்காரம்மா ராப்பகல் நிக்காம வரும்னாங்க. சரி. மிச்சமாகுற சாம்பலை எங்க கொட்டுவீங்கன்னு கேக்கணும்னு நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு. பாவம், கால்ல சேறு. கேக்கல."

"உனக்கு இப்ப கரண்ட் வேணுமா வேணாமா?" என்றான் வாகிமின்.

"வேணும்யா! ஊருலயே என்னைவிட எவளுக்கு வேணும்? கரண்டு போனா என் ஐஸு தண்ணி, உன் மீனு நாத்தம். காத்தோ அணுவோ, எதுலயாவது குடு. ஆனா என் வீட்டுக்காரரைத் தோண்டி எடுத்து வேற எடத்துல வெக்காத. அந்த மனுசன் உசிரோட இருந்தப்பவே வீடு மாத்த ஒத்துக்கல."

சிரித்தோம், தம்பி. அவள் சிரிக்கவில்லை என்பதைக் கொஞ்சம் கழித்துத்தான் பார்த்தோம். அதன் பிறகு கூட்டம் சரியான வழிக்கு வந்தது. பிற்பகல் தொழுகைக்கு அஸர் பாங்கு சொல்வதற்குள் ஒருமனதாகிவிட்டோம். வடக்கு முனையில் காற்றாலை வரட்டும். காற்று ஓய்ந்த நாளைக்கு வேறு ஏதாவது ஒன்றும் வேண்டும், அதை நிலக்கரிக்காரரும் அணுக்காரரும் மறுபடி வந்து, நாங்கள் கேட்காமல் விட்ட கேள்விகளுக்கெல்லாம் பதில் சொன்ன பிறகு பார்க்கலாம். மையவாடியை மட்டும் யாரும் தொடக்கூடாது. நாட்டுக்கு மின்சாரம் எதிலிருந்து எடுப்பது என்று உங்கள் ஜகார்த்தாவில் குளிர்சாதன அறையில் எத்தனை கூட்டம் போட்டீர்களோ, எங்கள் கூட்டம் அதற்குக் குறைச்சல் இல்லை என்று பெருமையாகவே சொல்வேன்.

ஆகவே தம்பி, உன் மேலதிகாரியிடம் நீ இதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். கராங்சாரிக்காரர்கள் ஆட்டிய தலை விருந்தாளிக்கு ஆட்டியது, மின்நிலையத்துக்கு அல்ல. இதை உன் அக்காளிடம் படித்துக் காட்டினேன். "இப்பத்தான் இது புரிஞ்சுதா? நீங்க பொண்ணு கேட்டு வந்தப்ப எங்கப்பாவும் இப்படித்தாங்க தலையாட்டுனாரு" என்றாள். இதை நீ பொருட்படுத்த வேண்டாம்.

உன் வீட்டில் பரக்கத் பெருகட்டும், பிள்ளைகள் படிப்பில் உயரட்டும், விளக்கு அணையாதிருக்கட்டும். அக்காள் கருவாடு கொடுத்தனுப்புவாள்.

இப்படிக்கு,
உன் மச்சான் கஸ்முரி

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டும் நேரத்தில் வாசலில் ஒரு வேன் வந்து நின்றது. உங்கள் அமைச்சகத்துப் பெண் அதிகாரி, தொப்பலாக நனைந்து இறங்கினாள். எங்கள் மனதில் இருப்பதை நேரில் கேட்டுவரும்படி நீதான் அனுப்பினாயாம். நல்ல காரியம் செய்தாய். "ஐயா, கடைசித் தடவையா கேக்குறேன். கடற்கரை மேட்டுல கட்டறதுக்கு உங்களுக்கு ஏதாவது ஆட்சேபனை இருக்கா?" என்றாள். ஊரே என் வாயைப் பார்த்தது. கடிதம் என் சட்டைப் பையில் இருந்தது. அந்தப் பெண்ணுக்குக் குளிரில் பல் தந்தியடித்தது. "ஆட்சேபனையா? அதெல்லாம் என்னம்மா, மொதல்ல உள்ள வந்து சூடா ஏதாவது குடிங்க" என்று சொல்லிவிட்டேன். ஆட்சேபனை இல்லை என்று எழுதிக்கொண்டாள். அடுத்து ருமியாதியைக் கேட்டாள். ருமியாதி அவளுக்குத் தலைதுவட்டத் துண்டு கொடுத்துக்கொண்டே, "உங்களுக்கு எது நல்லதுன்னு படுதோ செய்யுங்கம்மா" என்றாள். வேன் போன பிறகு என் வீட்டுப் படியில் உட்கார்ந்து அழுதாள். எனக்கும் வெட்கமாக இருந்தது. ஆனாலும் பயப்படாதே என்று அவளைத் தேற்றினேன். மேலதிகாரி மேசையில் ஃபைலை வைத்து "முடிச்சுடலாமா?" என்று கேட்கும்போது பக்கத்தில் நம்ம ஹெண்டார்த்தோ நிற்பான், கூடாது என்று அவன் சொல்லிவிடுவான் என்றேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். "தலைவரே, அவரும் நம்ம ஊருல பொறந்தவருதானே?" என்றாள்.