‘அங்கயே நிக்காதீங்க’ என்றால் என்ன அர்த்தம்?

கவுண்டி நிர்வாகத்தின் இழப்பீட்டுத் தொகை அலுவலகத்து மதிப்பிற்குரிய பீட்ரி ஐயா அவர்களுக்கு,

காலஞ்சென்ற டெல்மர் ஸ்ட்ரூடரின் மனைவி லவானா வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. தாங்களும் தங்கள் வீட்டாரும் சுகமாக இருக்க வேண்டும். என் சுகத்தைக் கேட்காதீர்கள், பாதிப் படுக்கை காலியாகக் கிடக்கிறது.

உங்கள் கடிதத்தைப் பாதிரியாரின் மகள் வாசித்துக் காட்டினாள். கவுண்டி போலீஸ் தலைவரான ஷெரிப்பின் ஆள் உதவிக்குக் கூப்பிட்டு ஒருவர் போனால், அந்த நேரத்துக்கு அவர் கவுண்டியின் வேலையாள், அடிபட்டால் கவுண்டி பொறுப்பு என்று சட்டம் இருக்கிறதாம். ஆனால் என் வீட்டுக்காரரை யாரும் கூப்பிடவில்லை, தானாகப் போய் விழுந்தார் என்று எழுதியிருக்கிறீர்கள். நடந்ததைச் சொல்கிறேன். தீயணைப்பு நிலையத்தில் கெளுத்தி மீன் விருந்து நடந்துகொண்டிருந்தது. எவனோ ஒருவன் நிலையத்துக்குச் சொந்தமான புல்வெட்டும் வண்டியில் ஏறி உட்கார்ந்து, அதைத் திருடி ஓட்டிக்கொண்டே எங்கள் மேசைகளுக்கு நடுவே போகிறான். அந்த வண்டி எவ்வளவு வேகம் போகும் என்று உங்களுக்கே தெரியும், கர்ப்பிணிகூட நடந்தே பிடிக்கலாம். துணை ஷெரிப் வேட் கிரிம்ஸ் துரத்துகிறார், ஆனால் அவர் வயிற்றில் மூன்று தட்டு மீன். மூச்சு வாங்க நின்று, தட்டோடு நின்றிருந்த டெல்மரைப் பார்த்துக் கத்தினார்: "ஏங்க பெரியவரே, அங்கயே நிக்காதீங்க!"

இதை, ஆபத்து, விலகிப் போ என்கிற எச்சரிக்கை என்று எழுதியிருக்கிறீர்கள். ஐயா, நீங்கள் பட்டணத்துக்காரர் போலிருக்கிறது. இந்தப் பக்கத்தில் அதற்கு அர்த்தமே வேறு, சும்மா நிற்காமல் வந்து கைகொடு என்று. பால் பொங்கும்போது நான் "டெல்மர், அங்கயே நிக்காத" என்றால் அவர் வீட்டைவிட்டா போனார்? அடுப்பை அணைத்தார். சில நாள் வீட்டைவிட்டும் போயிருக்கிறார், அது வேறு விஷயம். சொன்னதைக் காதில் போட்டுக்கொள்கிற மனிதர் என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன்.

அவர் நேரே போய் வண்டியின் பின்பக்கத்தைப் பிடித்துக்கொண்டார், கையில் தட்டு வேறு. வண்டி அவரை இழுத்துக்கொண்டு போக, கிரிம்ஸ் திருடன் மேல் பாய்ந்தார்; திருடன் குனிந்துவிட்டான், குறி தப்பிய கிரிம்ஸ் டெல்மரின் கால் மேல் வந்து விழுந்தார். ஆக அந்தக் காலை உடைத்ததே கவுண்டிதான். திருடன்தான் வண்டியை நிறுத்தி இறங்கி வந்து, "சார், மொதல்ல அவரு கால்மேலருந்து எந்திரிங்க, அப்புறம் என்னைப் புடிங்க" என்றான். போன மாதம் டெல்மர் தூக்கத்தில் மாரடைப்பில் போனபோது சிறையிலிருந்து அவன் இரங்கல் அட்டை அனுப்பினான். உங்கள் அலுவலகத்திலிருந்து வந்தது இந்த மறுப்புக் கடிதம்.

கிரிம்ஸிடம் நேரே போய்க் கேட்டேன். "லவானாம்மா, நான் உதவிக்குத்தான் கூப்பிட்டேன். ஆனா கால் என்னால ஒடஞ்சதுன்னு மட்டும் எழுதாதீங்க, ஊரே சிரிக்குது" என்றார். அதனால் அந்த வரியை நீங்கள் படிக்காத மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். என் தங்கை நோரீன் சொல்கிறாள்: "உசுரோட இருந்தப்ப ஒரு வேலையில ஒழுங்கா நிக்காத மனுசனுக்கு, செத்தப்புறம் சர்க்கார் வேலை தேடுறியாக்கும்?" ஆமாம், தேடுகிறேன். ஆஸ்பத்திரிக்காரர்கள் கால் வைத்தியத்துக்குப் பணம் கேட்கிறார்கள், கால் மண்ணுக்குள் போய்விட்டது. ஆனால் அதைவிட, அன்றைக்கு அந்தக் கொஞ்ச நேரம் அவர் கவுண்டி வேலையாள் என்று நீங்கள் ஒரு வரி எழுதித் தந்தால், அதை நோரீன் வீட்டுக் கதவிலேயே ஒட்டிவிட்டு வருவேன்.

கூப்பிட்டார்கள், போனார். என் வழக்கு அவ்வளவுதான். கடவுள் உங்கள் கால்களைக் காப்பாற்றட்டும்.

இப்படிக்கு,
லவானா ஸ்ட்ரூடர்

பின்குறிப்பு: எழுதியதெல்லாம் உண்மை என்று சத்தியம் செய்து கையெழுத்துப் போட வேண்டுமாமே. அதனால் இதையும் சொல்லிவிடுகிறேன். விருந்துக்கு மாட்டிக்கொண்டு போன கைப்பையை நேற்றுதான் திறந்தேன், அவருடைய காது மிஷின் அதற்குள் இருக்கிறது. பாட்டுச் சத்தத்தில் அது கீச்சிடுகிறது என்று அன்றைக்குக் கழற்றி என்னிடம் தந்திருந்தார்; கால் உடைந்த களேபரத்தில் இருவரும் அதை மறந்து, தொலைந்துபோனது என்றே இருந்தோம். அது இல்லாவிட்டால் அவருக்கு இடி விழுந்தாலும் கேட்காது. கிரிம்ஸ் என்ன கத்தினாரோ, எதுவும் அவர் காதில் விழுந்திருக்காது. ஒருத்தர் ஓட முடியாமல் நிற்பதைப் பார்த்தார், தட்டோடு போனார். அதற்கு உங்கள் சட்டத்தில் ஏதாவது பெயர் இருந்தால், அதையே எழுதிக்கொள்ளுங்கள்.