பீட்டா அண்ணாச்சியும் பருத்தி வேட்டியும்

தன் உடம்பில் இல்லாத சர்க்கரை நோய்க்காக முழு நேரமும் கவலைப்பட்ட மனிதர் விருதுநகர் ஜில்லாவிலேயே ஒருவர்தான். அவர் எங்கள் பீட்டா அண்ணாச்சி. அங்கே ஒரு கல்லூரி ஆய்வகத்தில் நான் ஸ்டோர் பார்த்தபோது, அவர் தட்டுகளில் பீட்டா செல் வளர்த்துக்கொண்டிருந்தார். கணையத்தில் இன்சுலின் சுரக்கிறதே, அந்தச் செல். அப்பா அம்மா வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது.

"பெருகச் சொன்னா சுரக்க மறந்திருது. சுரக்கச் சொன்னா பெருக மாட்டேங்குது. ரெண்டையும் செய்யின்னா செத்துப்போகுது. நம்ம ஸ்டோர் ஆளு மாதிரியே இருக்குய்யா!" என்று என் முகத்துக்கு நேரே சொல்வார்.

படிக்க வருமுன் அச்சங்குளத்துப் பட்டாசு ஷெட்டில் வெடிமருந்து கலந்தவர். அந்தச் சட்டதிட்டத்தை அப்படியே ஆய்வகத்துக்குக் கொண்டுவந்துவிட்டார். உள்ளே நாலு பேருக்கு மேல் கூடாது. கதவோரச் செம்புத் தகட்டைத் தொட்டு, உடம்பு மின்சாரத்தை இறக்கிவிட்டு நுழையவேண்டும். பருத்தி தவிர வேறு துணி ஆகாது. செல்லுக்குத் தீனி மாற்றுவதும் வெயில் ஏறுமுன்தான். ஏசி அறையில் ஏது வெயில் என்று கேட்டால், "ஏலே, பழக்கம்னு ஒண்ணு இருக்குல்ல" என்பார்.

ஆய்வைத் தொடர்வதா, மூடுவதா என்று முடிவு சொல்லச் சென்னையிலிருந்து ஒரு பேராசிரியர் வந்தார். மூடினால் செல்லெல்லாம் குப்பைக்குப் போகும். சாத்தூரில் அண்ணாச்சியின் தங்கை மகளுக்கு எட்டு வயசு, தினம் நாலு ஊசி. அவளுக்காகத்தான் மனிதர் இந்தப் பாடு பட்டார்.

வந்தவர் போட்டிருந்ததோ பளபள பாலியெஸ்டர் சட்டை. அண்ணாச்சி வாசலிலேயே மறித்துவிட்டார்.

"கோவிச்சுக்கிடாதீக சார். இந்த வேட்டி துண்டக் கெட்டிக்கிட்டு வாங்க."

கூட வந்த கல்லூரி முதல்வருக்கு வியர்த்தது. நான் இருக்கன்குடி மாரியம்மனுக்கு முடிகாணிக்கை நேர்ந்துகொண்டேன்.

பேராசிரியர் வேட்டி துண்டோடு மைக்ராஸ்கோப்பில் குனிந்தார். வெகு நேரம் பார்த்தார்.

"இதென்ன வெடிக்கவா போகுது? எதுக்கு இவ்வளவு கெடுபிடி?"

"வெடிக்காது சார். ஆனா செத்துப்போகும்ல? ஷெட்ல ஒருத்தன் அசந்தா நாலு வீட்ல எளவு. எனக்கு அசரத் தெரியாது, அம்புட்டுத்தான்."

பேராசிரியர் அந்த வேட்டியோடேயே உட்கார்ந்து, இன்னும் இரண்டு வருஷத்துக்குக் கையெழுத்துப் போட்டார். அண்ணாச்சி நன்றிகூடச் சொல்லவில்லை. தங்கைக்குப் போன் போட்டு, "புள்ள சாப்பிட்டாளா?" என்று கேட்டார். பதிலைக் கேட்டதும் வைத்துவிட்டார்.

எனக்கு அந்த மனுஷனை உயிராகப் பிடிக்கும். இதுவரை சொன்னதில்லை. சொன்னால், "மெதுவாப் பேசுய்யா, செல்லு வளருது" என்பார்.