நான்கு சுற்று

மைசூரிலேயே ஒரு வீட்டுக்குள் நேராக நுழையத் தெரியாத ஒரே மனிதர் எங்கள் சுத்து சார்தான். விமான நிலையக் கட்டுப்பாட்டுக் கோபுரத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்று, விஜயநகரில் எங்கள் பின் தெருவில் தனியாக இருந்தார். யார் வீட்டு வாசலிலாவது வேற்றுச் செருப்பைப் பார்த்தால் போதும், ஸ்கூட்டரை நிறுத்தமாட்டார். பிளாக்கை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, செருப்பு போயிருந்தால்தான் இறங்குவார்.

"உள்ள வாங்க சார், ஆள் இருந்தா என்ன?" என்றேன் ஒருநாள்.

"என்ன ரீ இப்படிக் கேக்கறீங்க? முன்னால இறங்கின விமானம் ஓடுபாதையிலேயே நிக்குது, பின்னால ஒண்ணு வந்துட்டிருக்கு. இறங்கச் சொல்வேனா? மேல ஏறி சுத்திட்டு வான்னு அனுப்புவேன். உள்ள இருக்கறவன் அத்தனை பேரும் என்னைத் திட்டுவான். திட்டட்டும். திரும்பி வர்றதுல கேவலம் ஒண்ணுமில்ல" என்றார். 'ரீ' என்ற கன்னட மரியாதைச் சொல் அவர் தமிழில் ஒட்டிக்கொண்டிருந்தது.

சலூன் நாற்காலி காலியாவதற்காக ஒரு வாரம் சுற்றினார். முடி காதை மூடிய பிறகு, சலூன்காரர் கடையையே காலி செய்து வைத்துவிட்டு நடுரோட்டில் நின்று கைகாட்டி அவரை இறக்கினார். ஒரு கல்யாண வரவேற்பில் மேடை காலியாகும்வரை மண்டபத்தைச் சுற்றிவிட்டு, கடைசியில் பரிசைப் பந்தல் பிரிப்பவரிடம் கொடுத்துவிட்டு வந்தார். இதையெல்லாம் கிழமை, நேரத்தோடு டைரியில் குறித்து வைத்திருக்கிறேன். எனக்கு அது ஒரு வியாதி.

ஒரு வியாழக்கிழமை அவர் முகம் வாடியிருந்தது.

"மக கோயமுத்தூர்லேர்ந்து வர்றா. வயசாச்சு, தனியா இருக்க வேணாம், கூட வான்னு பிடிவாதம். சனிக்கிழமை சாயங்காலம் கூட்டிட்டு வரேன். அப்பா நல்லாத்தான் இருக்கார்னு நீங்க ஒரு வார்த்தை சொன்னா கேப்பா."

"நான் சொல்றேன் சார், கவலைப்படாதீங்க."

சனிக்கிழமை மாலை, பார்க் வேலி விஷயமாகப் பேச மூன்று பேர் முன்னறிவிப்பில்லாமல் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். வாசலில் மூன்று ஜோடிச் செருப்பு. ஜன்னல் வழியே ஸ்கூட்டர் தெரிந்தது. பின் சீட்டில் மகள். நிற்காமல் போயிற்று.

எழுந்து போய்க் கூப்பிட்டிருக்க வேண்டும். நானோ வந்தவர்களுக்கு அவர் கதையைச் சொல்ல ஆரம்பித்தேன். "பாருங்க, இப்ப திரும்ப வருவார்!" வந்தார். எல்லோரும் சிரித்தோம். மூன்றாவது தடவை ஒருவர் கையே தட்டினார். நான்காவதுக்குப் பிறகு ஸ்கூட்டர் வரவில்லை. அன்றைய பக்கத்தில் 'நான்கு சுற்று' என்று எழுதி, ஆச்சரியக்குறியும் போட்டிருக்கிறேன்.

மறுநாள் காலையில் மகளே வந்தாள், வீட்டுச் சாவியைக் கொடுக்க.

"அப்பாவுக்கு உங்க வீடே மறந்துபோச்சு அங்கிள். நிறுத்துங்கன்னு கத்தறேன், நாலு தடவை தாண்டித் தாண்டிப் போறார். இனிமே எப்படித் தனியா விடறது?"

"மறக்கலம்மா. வாசல்ல செருப்பு இருந்தது, அதனாலதான்..."

"அப்பாவும் இதையேதான் சொன்னார்" என்றாள், என்னையும் பரிதாபமாகப் பார்த்து.

சார் வாசலில் நின்ற மகளின் காருக்குள் இருந்தார். நான் பக்கத்தில் போனேன். அவர் கண்ணாடியை இறக்கினார்.

"விடுங்க ரீ. உங்க வாசல்ல ட்ராஃபிக் இருந்துச்சு. நீங்க என்ன பண்ணுவீங்க?"

இப்போது எங்கள் வீட்டுக்கு யார் வந்தாலும் செருப்பை உள்ளே கொண்டுவந்துதான் வைக்க வேண்டும். வாசலை எப்போதும் காலியாகவே வைத்திருக்கிறேன்.